தொட்டிக்குப் பின்னால் சூரியன்

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி என்றால் ஸ்டுடியோவில் ஈ ஓட்டுகிற நேரம். காலையில் வந்து கழுத்தை நெரிக்கிற பாஸ்போர்ட் ஃபோட்டோ கூட்டம் கலைந்திருக்கும். முதலாளி பின்னறை பெஞ்சில் சாய்ந்திருப்பார். அந்த அரைமணி நேரத்தில்தான் ஸ்டுடியோக்காரி தன் வீட்டுக்காரருடைய மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, தேறுவதை வைத்துக்கொண்டு தேறாததை அழிப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து வருகிற பழக்கம். நாள் முழுக்க ஊராரின் காது இரண்டும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்துச் சலித்த கண்ணுக்கு, நிலாவும் மீன்கொத்தியும் இதமாகத்தான் இருந்தன. அதை அவரிடம் மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது.

அவர் டவுன் பஸ் டிரைவர். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட கை காய்வதற்குள் மாடிக்கோ வாய்க்கால் கரைக்கோ போய்விடுவார். டிப்போவில் அவருக்குச் 'சந்திரமண்டலம்' என்று பட்டப்பெயர். சந்திரமண்டலம் லீவு போட்டால் அன்றைக்குக் கிரகணம் என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அதற்காகக் காடு மலை என்று அலைகிற ஆள் இல்லை. வீட்டிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தைத் தாண்டி அவர் ஒரு படம் எடுத்ததில்லை. மாடியில் நிலா, வெள்ளி, வியாழன். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம், எப்போதாவது நின்று முறைத்துவிட்டுப் போகிற ஒரு கீரி. இதை எடுத்து முடிக்கவே ஆயுசு போதாது என்பார்.

கேமரா பழசு. லென்ஸ் அதைவிடப் பழசு, முழங்கை நீளம் இருக்கும். இப்போது வருகிறவை மாதிரி அது தானாக ஃபோகஸ் பிடிக்காது. கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு வளையத்தைத் திருகவேண்டும். குருவியின் கண்ணில் ஒளிப்புள்ளி ஊசிமுனை மாதிரி நிற்கிற இடத்தில் நிறுத்தவேண்டும். புதுசு ஒன்று வாங்கித் தொலையுங்களேன் என்று அவளே சொல்லிப் பார்த்துவிட்டாள். தானாகப் பிடித்தால் அது லென்ஸ் எடுத்த படம், நான் எடுத்த படமா என்று கேட்பார். பேசி ஜெயிக்க முடியாது.

போன வாரம் அவர் கார்டைக் கொடுக்கவில்லை; அந்தத் திங்கட்கிழமை கார்டில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து நாற்பத்து மூன்று படங்கள். முதல் படம் வெள்ளை. ஒன்றுமே இல்லாத வெள்ளை, ஓரத்தில் மட்டும் ஒரு சிறகு கறுப்பாக. வெளிச்சம் தப்பாக வைத்திருக்கிறார் என்று அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தி மங்கல். அதற்குப் பின்னால் இருக்கிற நாணல் மட்டும் கத்தி மாதிரி இருந்தது. அடுத்தது கொக்கு. அதுவும் அப்படியே. பிறகு வளர்பிறை, பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஓரம் கரைந்து கிடந்தது. வியாழன் ஒரு பஞ்சு உருண்டை. நாற்பத்து மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஸ்டுடியோக்காரிக்குப் படம் கெடுகிற விதங்கள் அத்தனையும் அத்துப்படி. கை நடுங்கினால் படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இது அப்படி இல்லை. ஆற அமர, பொறுமையாக, ஒவ்வொன்றிலும் தப்பான இடத்தில் நிறுத்தி எடுத்திருக்கிறார். முந்தின கார்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதில் மீன்கொத்தியின் அலகில் இருந்த நீர்த்துளிகூட எண்ணுகிற மாதிரி இருந்தது. என்னவோ போல இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் கேட்டபோது, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார். சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் குளிக்கப் போனதும் லென்ஸை எடுத்துக் குழல்விளக்கில் காட்டிப் பார்த்தாள். பூஞ்சை இருந்தால் உள்ளே நூல் நூலாகத் தெரியும். பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்தது. குளியலறைக்குள்ளிருந்து அவர் ஏதோ முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. பத்து நாளாகவே கேட்கிறது. பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிபன் சாப்பிடும்போது மகள் ஒரு கதை சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, இன்னும் வீட்டில் பாப்பாதான். அப்பா ஓட்டுகிற பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். நேற்றும் இன்றும் அப்பா அவர்கள் ஸ்டாப்பில் நிறுத்தாமல் ஒரு பஸ் நீளம் தள்ளிப்போய் நிறுத்தினாராம், எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம், கணக்கு டீச்சர் செருப்பு அறுந்துபோனதாம். பாப்பா சிரித்தாள். அவரும் சிரித்தார். பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது, டிப்போவில் சொல்லியிருக்கிறேன் என்றார். ஸ்டுடியோக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டாப்பில் நிற்கிற ஆளின் கால்விரலுக்கு நேராகப் படிக்கட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிற மனிதர் அவர். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பொழுது சாய்கிற நேரத்தில் காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனாள். புழுக்கமான நாள், காற்றே இல்லை. மேற்கே வெள்ளி முளைத்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவில் கண்ணை வைத்திருந்தார். ஏதோ தப்பாக இருந்தது. என்ன என்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மூக்கு கேமராவின் முதுகில் நசுங்கிக்கொண்டிருந்தது. அவர் இடது கண்ணை வைத்திருந்தார்.

இடது கண் அவருக்குப் பிறந்ததிலிருந்தே மந்தம். கண்ணாடி போட்டும் எழுத்துப் பலகையில் கடைசி வரிகளை எட்டாது. டிப்போவில் ஏதோ ஒரு விளிம்பில் பாஸ் பண்ணிவிடுவார்கள். வலது கண்தான் நம்ம வீட்டுக்குச் சோறு போடுகிற கண் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வது உண்டு. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதற்கப்புறம் தெரியாத மாதிரி இருக்கமுடியாது. பேசாமல் இறங்கி வந்துவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டு துணியை மடித்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவரே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார், காக்கிச் சட்டையோடு. வருகிற திங்கட்கிழமை டிப்போவில் வருஷாந்தர மருத்துவச் சோதனை; விண்ணப்பத்தில் ஒட்ட இரண்டு ஃபோட்டோ வேண்டும். சொல்லிவிட்டுத் தானே போய் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு விளக்கையும் போட்டாள். லென்ஸைப் பாருங்க என்றாள். பார்த்தார். ஆனால் பார்வை லென்ஸுக்கு நாலு விரல் மேலே போய் நின்றது. ஒரு நாளைக்கு அறுபது பேரை உட்காரவைத்துப் படம் எடுக்கிறவளுக்கு, ஒருத்தர் லென்ஸைப் பார்க்கிறாரா இல்லையா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலரைச் சரி பண்ணுகிற மாதிரி கிட்டே போனாள். அவருடைய கண்ணாடியைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என்ன பண்றே?"

"சும்மா இருங்க. நான் எங்க நிக்கிறேன்?"

"எதிர்லதான் நிக்கிறே. இது என்ன விளையாட்டு?"

"என் மூஞ்சி தெரியுதா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. விளக்குச் சூட்டில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை அவள் விரலில் இறங்கியது.

"தோள் தெரியுது," என்றார். "காது தெரியுது. தோடு ஆடுறதுகூடத் தெரியுது. மூஞ்சி இருக்கிற எடத்துல மட்டும் ஒண்ணுமில்ல. சாம்பலை அள்ளி அப்பினாப்பல இருக்கு."

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் மற்றொரு கண்ணால் தன் முகத்தைப் பார்த்துவிடுவார், அதில் இருப்பதைப் படித்துவிடுவார் என்று தோன்றியது.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாள்."

பதினைந்து நாள். ஒரு நாளைக்கு எட்டு டிரிப். அதில் காலை இரண்டாவது டிரிப்பில் முன்சீட்டில் பாப்பா. பின்னறையில் முதலாளி இருமிக்கொண்டிருந்தார். இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த அரை இருட்டில் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஸ்டூலில் இருந்தபடியே, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார்.

நிலாவோ வெள்ளியோ சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது படம் எடுப்பது ஆபத்தான வேலை. லென்ஸில் சூரியன் பட்டால் கண் வெந்துபோகும். அதற்கு அவர் ஓர் உபாயம் வைத்திருந்தார். சாயங்காலம் மேற்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொள்வார். சூரியன் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டால் பிறகு பயமில்லை, மேலே இருக்கிற பிறையை ஆசை தீர எடுக்கலாம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் எடுக்கிறார். பதினைந்து நாளுக்கு முன்னால், வாரவிடுப்பு நாள், விடிகாலையில் தேய்பிறையின் கடைசிக் கீற்று கிழக்கே எழும்பியது. தினமும் அந்த நேரத்துக்கு வாய்க்கால் மரத்திலிருந்து கொக்குக் கூட்டம் கிளம்பி அந்தத் திக்கில்தான் போகும். கீற்று நிலாவுக்குக் குறுக்கே கொக்கு பறக்கிற ஒரே ஒரு படம், இந்த ஜென்மத்துக்கு அது போதும் என்று ஆசைப்பட்டார். கிழக்கே எதிர்வீட்டுத் தொட்டி. வழக்கம்போல அதன் நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் தொட்டிக்குப் பின்னால போன சூரியன் போனதுதான், திரும்ப வராது," என்றார். "அந்த நெனப்புலயே இருந்துட்டேன். காலைல அது ஏறிக்கிட்டுல்ல இருக்கும். நிலாவை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கொக்கு தாழ வந்துச்சு. தொட்டி ஓரமா. பின்னாடியே லென்ஸைத் திருப்பினேன். அங்க அது வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு."

"உடனே கண்ணை எடுக்கவேண்டியதுதானே?"

"எடுத்தேன். பட்டனை அமுக்கிட்டு எடுத்தேன்."

அழித்த அந்த வெள்ளைப் படம் அவள் நினைவுக்கு வந்தது. சூரியன் கிழக்கே ஏறும் என்பது பாப்பா ஒன்றாம் வகுப்பில் படித்த பாடம். அதை மறந்தா ஒரு மனிதர் கண்ணைக் கொடுத்துவிட்டு வருவார்? கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு நொடி கெட்ட சிரிப்புக்கூட வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். தானாகச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாராம். சரி, திங்கட்கிழமை சோதனைக்கு என்ன பண்ணப்போகிறீர்கள் என்றாள். அதற்கு வழி செய்தாகிவிட்டது என்றார். அவருடைய கண்டக்டர், டிப்போவில் எல்லாரும் விசில் என்று கூப்பிடுகிற பையன், சோதனை அறையில் மாட்டியிருக்கிற எழுத்துப் பலகையை ஃபோனில் படம் எடுத்துக் கொடுத்துவிட்டான். மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே, இரண்டு விதமாகவும் மனப்பாடம். குளியலறையில் கேட்ட பாட்டு அதுதான்.

அன்றைக்கே சாயங்காலம் அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான அம்மாள், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. சொட்டு மருந்து விட்டு, அரைமணி உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்வையின் நடுமையத்தில் சுட்டிருக்கிறது, இதற்கு மருந்து இல்லை என்றார். மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இன்னொரு கண் ஏற்கெனவே பலமில்லாதது, அதனால் ஜாக்கிரதை என்றார். பிறகு சீட்டில் எழுத ஆரம்பித்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தலை நிமிராமல் கேட்டார்.

"கடை வச்சிருக்கேன்," என்றார் அவர்.

ஸ்டுடியோக்காரி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் போதும். டிரைவர் வேலை போனால் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை கொடுப்பார்களோ, அதுவும் கொடுக்காமல் அனுப்பிவிடுவார்களோ. இருபது வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத கை. அதைவிட, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க அவளுக்கு மனசு வரவில்லை. மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டாள். நல்லதாப் போச்சு, வண்டிகிண்டி எதுவும் ஓட்டாதீங்க என்று சொல்லி டாக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் சண்டை. குரல் உயராத சண்டை. நாளையிலிருந்து லீவு போடுங்கள் என்றாள். சோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது லீவு போட்டால் சந்தேகம் வரும் என்றார். கிரகணத்துக்குப் போடத் தெரிகிறது, கண் அவிந்ததற்குப் போடத் தெரியவில்லையா என்றாள். தெரிந்த ரோடு, இருட்டில் விட்டாலும் ஓட்டுவேன் என்றார். ரோடு தெரியும், ரோட்டில் வருகிறவர்களைத் தெரியுமா என்று கேட்டாள். அவர் நடையை எட்டிப் போட்டார். டாக்டரிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்றாள்.

"நீயும்தான் பேசாம இருந்தே."

அவள் வீட்டுக்கு வந்து முட்டையை வேகவைத்துச் சோறும் பருப்பும் போட்டாள். பாப்பா தொலைந்துபோன ஜாமெட்ரி பாக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆனதும் ஸ்டுடியோக்காரி ஃபோனை எடுத்து டிப்போ நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. யார் என்று கேட்டால் என்ன சொல்வது? கட்டினவளே காட்டிக்கொடுத்தாள் என்று பிறகு பத்துப் பேர் பேசுவார்கள். அவரும் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். யாரோ ஹலோ என்றதும் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போதே தூறல். ஒரு வாரப் புழுக்கத்துக்கு வானம் இப்போதுதான் இறங்கி வந்திருந்தது. அவர் ஐந்து மணிக்கே கிளம்பிப் போய்விட்டார், போகும்போது வழக்கம்போல டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பாப்பா எட்டு மணிக்கு ஸ்டாப்புக்குப் போகும்போது அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஸ்டுடியோ திறக்க இன்னும் நேரம் இருக்கிறதே, நீ எங்கே வருகிறாய் என்று பாப்பா கேட்டாள். உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வேலை என்றாள். என்ன வேலை என்று பாப்பா விடவில்லை. அம்மா பதில் சொல்லாததும் குடையைச் சுழற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ் வந்தது. சரியான இடத்தில்தான் நின்றது. ஏறினபோதுதான் ஏன் என்று புரிந்தது. விசில் எப்போதும் நிற்கிற பின்வாசலை விட்டுவிட்டு முன்வாசல் படியில் தொங்கிக்கொண்டிருந்தான். "வரலாம் வரலாம், போதும்ண்ணே," என்று அவன் சொல்வதைக் கேட்டுத்தான் டிரைவர் பிரேக்கை மிதித்தார். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. சமாளித்துக்கொண்டு, என்ன அண்ணி, சந்திரமண்டலத்துக்கு டிக்கெட் எடுக்க வந்தீங்களா என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டிக்கெட் கட்டைக் குனிந்து பார்த்தான்.

இஞ்சின் மூடிக்குப் பக்கத்தில், டிரைவருக்கு இடது கைப்பக்கம் இருக்கிற ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பாப்பா சிநேகிதிகளோடு பின்னால் போய்விட்டாள்.

அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கிற பருந்தைக் காட்டுவார். இப்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன. தலையை லேசாகத் திருப்பித் திருப்பி, எதையோ ஓரக்கண்ணில் பிடிக்கப் பார்த்தார். விசில் படியில் நின்றபடி அரட்டை மாதிரி பேசிக்கொண்டே வந்தான்: சைக்கிள்காரர் போறார் பாருங்கண்ணே, அந்த ஆட்டோக்காரனுக்கு என்ன அவசரமோ, நாய் படுத்திருக்குண்ணே. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது வெறும் தொணதொணப்பு. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் விழுந்தது. ஒரு பஸ் நிறையச் சனங்கள் இந்தப் பையனின் வாயை நம்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது முன்னால் இருந்த கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மார்க்கெட் ஸ்டாப்பில் கூட்டம் அம்மியது. மழைக்கு ஒதுங்கினவர்கள் எல்லாரும் ஒரே அடியாக ஏறினார்கள். கூடையும் ஈரக்குடையுமாக நெருக்கித் தள்ளியதில் விசில் பஸ்ஸின் நடுவுக்குப் போய்விட்டான். டிக்கெட் டிக்கெட் என்று அவன் குரல் எங்கேயோ பின்னாலிருந்து கேட்டது. தூறல் மழையானது. ஜனங்களின் மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கம் புகைந்தது. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது. அவர் துணியால் துடைத்தார், மறுபடி புகைந்தது. மறுபடி துடைத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று கத்த வாய் துடித்தது. கத்தினால் அதிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஸ்டாப்பில் நின்றது. பிள்ளைகள் முன்வாசல் வழியே திமுதிமுவென்று இறங்கினார்கள். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைத் தாண்டவேண்டும். ஒவ்வொருத்தராகக் கண்ணாடிக்கு முன்னால் ஓடினார்கள்: சாம்பல் சீருடை, சாம்பல் மழை. பாப்பா கடைசி. அவள் குடை காற்றில் குப்புறத் திரும்பிக்கொண்டது. பம்பருக்கு முன்னால் நின்று, குனிந்து, கம்பியை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். மழையில் நனைந்த உச்சந்தலை மட்டும்தான் உள்ளிருந்து தெரிந்தது.

பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. கிளம்பு என்று அர்த்தம்.

அவர் கிளட்சை மிதித்தார். கியரில் கை வைத்தார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா இல்லையா என்கிற மாதிரி கேட்டார்.

"பாப்பா தாண்டிட்டாளா?"

அவளுக்கு ஒரு கணம் கேள்வியே புரியவில்லை. மகள் அவருக்கு ஒரு கஜ தூரத்தில் நிற்கிறாள்.

"இல்ல," என்றாள். "முன்னாடிதான் நிக்கிறா. உங்களுக்கு முன்னாடிதான் நிக்கிறா."

அவர் கையைக் கியரிலிருந்து எடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. குடையைச் சரிபண்ணிக்கொண்டு பாப்பா நிமிர்ந்தாள், அப்பா பக்கம் கையை ஆட்டினாள், ரோட்டைத் தாண்டி ஓடினாள். அவர் கையை ஆட்டவில்லை.

மறுபடி இரண்டு விசில். பிறகு மூன்று. யாரோ என்னப்பா ஆச்சு என்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு விசில் முன்னால் வந்தான்.

"டிப்போவுக்குப் போன் போடு," என்றார் அவர். "வேற டிரைவரை அனுப்பச் சொல்லு."

அவன் குனிந்து, காதோடு, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடவா அண்ணே என்றான்.

"வேணாம். டிரைவருக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லு."

அவர் மெதுவாகச் சொல்லவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. மடியில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், இந்த டிக்கெட் அடுத்த பஸ்ஸுக்குச் செல்லுமா என்று கேட்டாள். செல்லும் என்றான் விசில். அவன் குரல் உடைந்திருந்தது. சனங்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். சிலர் திட்டிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போது எல்லாரும் ஒரு தடவை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டுடியோக்காரி இறங்கி, மழையில் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கக் கதவுக்கு வந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தேடித் தேடி இறங்கினார். சாவி அவர் கையில் இருந்தது. எதிரே பள்ளிக்கூட வாசலில் பாப்பா உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஏன் கிளம்பவில்லை என்று பார்த்தபடி, குடையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

"அவ அங்கயே நிக்கிறாளா?" என்றார்.

"நிக்கிறா."

"நானே சொல்லிடுறேன். இன்னொருத்தர் சொல்லி அவளுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றாள். அவர் கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்கிற தெருவில் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் இழுத்து நிறுத்தினாள். லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"இப்ப வாங்க," என்றாள்.